சஹ்ரானுக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "குண்டு வைக்கிறவன் குர்ஆன் வசனத்தை ஓதிவிட்டுத்தான் வைக்கிறான். பிறகு எப்படி அவனுக்கும் இஸ்லாத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறீர்கள்? அவன் ஊரில் ஒருவருக்குமா தெரியாமல் போயிருக்கும்? சாதாரண முஸ்லிம்கள் ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை?"

கோபத்தோடு கேட்ட கேள்விதான். ஆனாலும் நியாயமான கேள்வி. உலகம் முழுவதையும் இழுத்துப் போட்டுப் பேசினால் ஆளுக்கொரு உதாரணத்தை எடுத்து எறிந்துகொண்டே இருக்கலாம், விடியும்வரை முடியாது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சம்பவத்தை எடுத்துக்கொண்டு அதன் அடிவரை போகிறேன்: 2019 ஏப்ரல் 21, இலங்கையின் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சியோன் தேவாலயம், அவற்றோடு கொழும்பிலுள்ள சொகுசு ஹோட்டல்கள் மூன்று. ஏறத்தாழ 270 உயிர்கள். சியோனில் மட்டும் முப்பதுக்கு மேல். அவர்களில் பாதிக்கு அருகே பிள்ளைகள், ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்றவர்கள். நான் மட்டக்களப்புத் தமிழன், முஸ்லிம் அல்ல. இந்த விஷயத்தில் யாரையும் காப்பாற்றிப் பேச வேண்டிய தேவை எனக்கில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் முஸ்லிம்களின் பிரதிநிதிகள் அல்ல. அதே நேரம், "அவர்களுக்கும் இஸ்லாத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று கையைக் கழுவிவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள முடியாமல்தான் விவாதம் எப்போதும் தடம் புரள்கிறது.

சுன்னி முஸ்லிம்களுக்குப் பாப்பரசர் போல ஒரு தலைமைப் பீடம் கிடையாது. அப்படியானால் ஒரு ஊரில் மார்க்கத்தின் பெயரால் பேசும் தகுதி யாருக்கு இருக்கிறது? நடைமுறையில் பார்த்தால் மதரஸாவுக்கு, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு, மார்க்க அறிஞர்களின் உலமா சபைக்கு. அந்தத் தாக்குதலைத் தலைமை தாங்கி நடத்திய சஹ்ரான் ஹாசிம் இந்த இடங்களில் என்ன ஆனார் என்று பாருங்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் காத்தான்குடியில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். ஜாமிஅத்துல் பலாஹ் அரபுக் கல்லூரியில் ஓதப் போனார். நல்ல நினைவாற்றல், நல்ல குரல். ஆனால் உஸ்தாதுமாரையே "நீங்கள் சொல்வது மார்க்கமில்லை" என்று எதிர்த்து நின்றதால் படிப்பை முடிக்கவிடாமல் அனுப்பிவிட்டார்கள். பிறகு தாருல் அதர் என்ற தௌஹீத் (ஓரிறைக் கொள்கையை மட்டும் வலியுறுத்தும் பிரிவு) பள்ளிவாசலில் சேர்ந்து பயான், அதாவது மார்க்கப் பிரசங்கம், செய்தார். அங்கும் நிர்வாகத்தோடு முறுகி, பேச்சு மேடையை இழந்தார். அதன்பிறகு தானே தொடங்கியதுதான் தேசிய தௌஹீத் ஜமாஅத். 2017இல் நடந்த வன்முறைக்குப் பிறகு அந்த அமைப்பும் அவரை விலக்கிவிட்டதாக அறிவித்தது. ஓதிய இடம், பேசிய பள்ளி, தானே கட்டிய கூடாரம் என்று மூன்றிலும் அவருக்குக் கதவு சாத்தப்பட்டது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும், வர வேண்டும்: அப்படி ஒதுக்கப்பட்டவர் பின்னால் அத்தனை பேர் எப்படிப் போனார்கள்? அவருக்கு ஊரில் ஒரு கூட்டம் இருந்தது உண்மை. 2015 பொதுத் தேர்தலின்போது காத்தான்குடியில் வாக்குக் கேட்டுப் போன அரசியல்வாதிகள் அவரோடு உடன்பாடு செய்துகொண்டதும் உண்மை. சில நூறு வாக்கு கிடைக்கும் என்றால் எந்தக் கதவையும் தட்டுகிறவர்கள் நம் அரசியல்வாதிகள், அதில் மத பேதமே கிடையாது. ஆனால் அந்தக் கூட்டம் ஊரல்ல. ஊர் வேறு பக்கம் நின்றது என்பதற்குத் தடயங்கள் இருக்கின்றன.

2017 மார்ச் 10. காத்தான்குடி அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்களுக்கும், அப்துர் ரஊப் மௌலவியைப் பின்பற்றும் சூபிகளுக்கும் (ஆன்மிக ஞானவழி முஸ்லிம்களுக்கும்) மோதல். வாளோடு வந்தார்கள், ஆட்கள் காயப்பட்டார்கள். அதற்குமுன் பல காலமாகவே சூபி முஸ்லிம்கள் பொலிசுக்கும் கொழும்பிலுள்ள அதிகாரிகளுக்கும் முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மோதலுக்குப் பிறகு அவரைப் பிடிக்கச் சொல்லி வீதியில் இறங்கி ஆர்ப்பாட்டமும் செய்தார்கள். நீதிமன்றப் பிடியாணை பிறந்தது. சஹ்ரான் தலைமறைவானார், முகநூலிலும் யூடியூபிலும் தமிழில் பேசிக்கொண்டே இருந்தார். தேடப்படும் ஒரு ஆள் இரண்டு வருடம் இப்படிப் பேச முடிந்ததற்கு யார் பொறுப்பு என்பது காத்தான்குடியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியல்ல.

இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் துணைத் தலைவர் ஹில்மி அஹமட் தாக்குதல் நடந்த கையோடு வெளிப்படையாகச் சொன்னார்: மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆளைப் பற்றி இராணுவப் புலனாய்வுக்கு நேரில் சொல்லியிருந்தோம் என்று. 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணையில் பொலிசுக்கு ஓடி ஓடி உதவியவர் ஒரு முஸ்லிம், அமைச்சர் ஒருவரின் உதவியாளர். அந்த விசாரணையின் நூல் பிடித்துப் போனபோதுதான் 2019 ஜனவரியில் புத்தளம் பக்கம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் பெருமளவு வெடிபொருள் கிடைத்தது. இரண்டு மாதத்தில், வீட்டில் மனைவி பிள்ளைகளோடு தூங்கிக்கொண்டிருந்த அவர் தலையில் சுடப்பட்டார். உயிர் தப்பியது, உடல் முடங்கியது. கொச்சிக்கடையில் குண்டு வெடிப்பதற்கு ஆறு வாரம் முன்பு சஹ்ரானின் ஆட்கள் குறிவைத்தது ஒரு முஸ்லிமை, அதுவும் தகவல் கொடுத்த குற்றத்துக்காக. "சாதாரண முஸ்லிம்கள் ஏன் சொல்வதில்லை" என்று கேட்கிறவர்கள் அந்த மனிதரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தாக்குதல் முடிந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26. அம்பாறை மாவட்டம் சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டுக்குப் புதிதாக ஆட்கள் வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தாருக்குச் சந்தேகம். போய் விசாரித்தபோது துப்பாக்கியைக் காட்டி விரட்டினார்கள். ஊரார் உடனே பாதுகாப்புத் தரப்புக்குச் சொன்னார்கள். அன்றிரவு நடந்த சண்டையிலும் வெடிப்பிலும் சஹ்ரானின் தகப்பனும் இரண்டு சகோதரர்களும் உட்பட 15 உடல்கள், அதில் ஆறு குழந்தைகள். சாய்ந்தமருது முழுக்க முழுக்க முஸ்லிம் ஊர். அந்தத் தகவல் மட்டும் போகாமல் இருந்திருந்தால் பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக் காலத்தில் இன்னொரு ஏப்ரல் 21 நடந்திருக்கக்கூடும் என்றே நான் நினைக்கிறேன்.

நாட்டின் உலமா சபையான அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா, குண்டுதாரிகளின் உடல்களைத் தாங்கள் ஏற்கப் போவதில்லை என்று அறிவித்தது. முஸ்லிம் மையவாடிகளில் (அடக்கத்தலங்களில்) இடமில்லை என்றார்கள். ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, அடக்குவது உயிரோடிருப்பவர்கள் மேல் விழுந்த கடமை என்று கருதும் சமூகம் இப்படி முடிவெடுப்பது லேசான காரியமல்ல. 2008இல் மும்பையைத் தாக்கியவர்களில் ஒன்பது பேரின் உடல்களுக்கும் இதுவே நடந்தது. மரைன் லைன்ஸ் படா கபரஸ்தானில் இடம் தர முடியாது என்று மும்பை ஜாமா மஸ்ஜித் அறக்கட்டளை மறுத்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் சவக்கிடங்கில் கிடந்து, 2010 ஜனவரியில் அரசாங்கம் இரகசியமாக எங்கோ புதைத்தது. அநுராதபுரம் மாவட்டம் மடாட்டுகமவில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். தேசிய தௌஹீத் ஜமாஅத்தோடு தொடர்புள்ளதாகச் சந்தேகிக்கப்பட்ட பள்ளிவாசல் ஒன்றை அந்த ஊர் முஸ்லிம்களே கூடி இடித்துப் போட்டார்கள். இடித்தது சரியா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை; பயம்தான் அவர்களை அதைச் செய்ய வைத்தது. ஆனால் பிரதிநிதியின் இடத்தை யாரும் இப்படி இடிப்பதில்லை.

இதுவரை சொன்னது கேள்வியின் சுலபமான பாதி.

மற்றப் பாதிக்கு வருவோம். தாக்குதலுக்குப் பிறகு பல முஸ்லிம் நண்பர்கள் சொன்னார்கள்: "அவங்க முஸ்லிமே இல்ல." அந்த வேதனை புரிகிறது. ஆனால் மார்க்கச் சட்டப்படியே பார்த்தாலும் அந்த வாதம் நிற்காது. 2014 டிசம்பரில் எகிப்தின் அல்-அஸ்ஹர் மார்க்கப் பல்கலைக்கழகம் இதே சிக்கலில் மாட்டியது. பின்னாளில் சஹ்ரானின் ஆட்கள் விசுவாசம் தெரிவித்த ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) இயக்கத்தினரை காஃபிர்கள், அதாவது இறைமறுப்பாளர்கள், என்று அறிவிக்கச் சொல்லி நெருக்கினார்கள். அல்-அஸ்ஹர் மறுத்தது. கலிமா சொன்ன ஒருவன் எவ்வளவு பெரிய பாவத்தைச் செய்தாலும் அவனை மார்க்கத்தை விட்டு வெளியேற்ற முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஐஎஸ்ஸுக்குப் பரிவு காட்டுகிறார்கள் என்று ஊடகங்கள் திட்டித் தீர்த்தன. எனக்கு அஸ்ஹரின் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றியது. ஏனென்றால் ஐஎஸ்ஸின் முழு இயந்திரமும் ஓடுவது ஒரே எரிபொருளில்: எனக்குப் பிடிக்காத முஸ்லிமை "நீ முஸ்லிமில்லை" என்று அறிவிப்பது. தக்ஃபீர் என்பார்கள். அதே ஆயுதத்தை எடுத்து அவர்களையே அடித்தால், அந்த ஆயுதம் சரியானதுதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இந்த நோய்க்கு வயது ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டது. 657இல் சிப்பீன் போரில் நபியின் மருமகன் அலீயும் அவரை எதிர்த்து நின்ற முஆவியாவும் மத்தியஸ்தத்துக்கு ஒப்புக்கொண்டபோது, "தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது, மனிதனை நடுவராக்கியது குப்ர் (இறைமறுப்பு)" என்று அலீயின் படையிலிருந்தே ஒரு கூட்டம் பிரிந்துபோனது. அவர்கள்தான் கவாரிஜ்கள். தொழுகையில் யாரும் அவர்களைக் குறைசொல்ல முடியாது, நெற்றியில் தழும்பு விழத் தொழுதவர்கள். நபித்தோழர் ஒருவரின் மகனான அப்துல்லாஹ் இப்னு கப்பாபை அவர்கள் வழியில் பிடித்த கதையை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மரத்திலிருந்து விழுந்த பேரீச்சம்பழத்தை ஒருவன் வாயில் போட, உரிமையாளனின் அனுமதி இல்லை என்று சொல்லித் துப்ப வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அப்துல்லாஹ்வையும் அவருடைய கர்ப்பிணிப் பெண்ணையும் அறுத்துப் போட்டார்கள். 658இல் நஹ்ரவானில் அலீ அவர்களை முறியடித்தார். 661இல் கூபா பள்ளிவாசலில் அவர்களில் ஒருவனின் வாளுக்குத்தான் அலீ பலியானார். நபியின் மருமகனையே காஃபிர் என்று சொல்லிக் கொன்றவர்கள் அன்றைக்கு யாருடைய பிரதிநிதிகள்? முஸ்லிம்களுடைய பிரதிநிதிகள் அல்ல. முஸ்லிம் வரலாற்றுக்கு வெளியிலிருந்து குதித்தவர்களும் அல்ல. உள்ளேயிருந்து முளைத்தவர்கள்.

காத்தான்குடிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் சங்கடமான ஒன்று தெரியும். 1979இல் ரஊப் மௌலவியின் சூபிக் கொள்கைக்காக அவரையும் அவரைப் பின்பற்றுவோரையும் முர்தத்துகள், அதாவது மார்க்கம் மாறியவர்கள், என்று பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது யார்? வெறித்தனமான சிறு குழு ஒன்றல்ல. ஜம்இய்யதுல் உலமாவேதான். 2004இல் காத்தான்குடியில் சூபிகளின் வீடுகள் எரிந்தன. 2006 டிசம்பரில் பயில்வான் என்று அறியப்பட்ட இன்னொரு சூபி ஷெய்கு இறந்தபோது, அவரை ஊரில் அடக்கக் கூடாதென்று கலவரம், ஹர்த்தால். அடக்கிய உடலைத் தோண்டியெடுக்கும்வரை போனது. சஹ்ரான் அப்போது இருபதைத் தொட்டிருந்த இளைஞர். "இன்ன முஸ்லிம் முஸ்லிமே இல்லை, அவனை ஊரில் இருக்க விடக்கூடாது" என்ற பேச்சு அவர் கண்டுபிடித்ததல்ல. அவர் வளர்ந்த தெருவின் பேச்சு அது. அந்தப் பேச்சை அவர் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் பாதியில் நின்றார்கள்.

இதைச் சொன்னால் முஸ்லிம் நண்பர்கள் சிலருக்கு வருத்தம் வரும். பத்வா கொடுத்தவர்கள் எவரும் குண்டைக் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தௌஹீத் என்ற பெயர் வைத்திருக்கும் எல்லா அமைப்பையும் சஹ்ரானோடு சேர்த்துக் கட்டுவதும் அபத்தம். தர்கா, கந்தூரி, தாயத்துக்கு எதிராகப் பேசுவது மட்டுமே வேலையாக வைத்திருக்கும் தௌஹீத்வாதிகள் எத்தனையோ பேர், அவர்களுக்குள்ளேயே நூறு பிரிவு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவந்த மார்க்கம், அங்கிருந்து வந்த பணத்தில் எழுந்த பள்ளிகள், பிரதான வீதி நடுவே நட்ட பேரீச்ச மரங்கள், இவையெல்லாம் ஊரின் முகத்தை மாற்றின, ஆனால் இவற்றில் எதுவும் தனியாக ஒரு குண்டுதாரியை உண்டாக்கிவிடாது. வறுமையும் உண்டாக்காது. ஷங்கிரி-லாவிலும் சினமன் கிராண்டிலும் வெடித்த சகோதரர்கள் இருவர் வாசனைப் பொருள் ஏற்றுமதியில் கோடி கோடியாகச் சம்பாதித்த வணிகரின் பிள்ளைகள். தெகிவளையில் வெடித்தவர் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவர்.

சரி, வசனங்கள்? "கண்ட இடத்தில் கொல்லுங்கள்" என்று குர்ஆனில் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, 2:191. அதற்கு முந்திய வசனம், உங்களோடு போரிடுகிறவர்களோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்கிறது. 9:5ஐ எடுத்துக் காட்டுகிறவர்கள், அடுத்த வசனம் அடைக்கலம் கேட்கும் இணைவைப்பாளனைப் பாதுகாப்பான இடம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்வதை விட்டுவிடுவார்கள். ஆனால் "முன்பின் பார்த்தால் போதும், எல்லாம் தீர்ந்தது" என்று நான் சொல்ல மாட்டேன். பழைய சட்ட நூல்களில் தற்காப்பைத் தாண்டிய போர் பற்றிய பகுதிகள் உண்டு, முஸ்லிமல்லாதோர் மேலான ஜிஸ்யா வரி உண்டு, அடிமைச் சட்டங்களும் உண்டு. ஐஎஸ் அவற்றைக் கற்பனை செய்யவில்லை, தேடி எடுத்தது. அந்த நூல்களிலேயே போரை அறிவிக்கும் உரிமை ஆட்சியாளருக்கு மட்டும் என்றும், பெண்கள், குழந்தைகள், மடத்தில் இருக்கும் துறவிகள்மேல் கை வைக்கக் கூடாதென்றும் எழுதியிருப்பதை மட்டும் அது தாண்டிப் போனது. 2014 செப்டம்பரில் உலகின் பல நாடுகளைச் சேர்ந்த 126 அறிஞர்கள் சேர்ந்து ஐஎஸ் தலைவர் பக்தாதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். "நீ கெட்டவன்" என்று திட்டும் கடிதம் அல்ல அது. நீ எடுத்துக்காட்டிய ஒவ்வொரு சட்டத்திலும் எந்த இடத்தில் முறை தவறினாய் என்று 24 தலைப்பில் வரிவரியாகப் பிரித்துக் காட்டும் கடிதம். கண்டனத்தை விட அது பலமான வேலை. சஹ்ரானின் தமிழ் வீடியோக்களுக்கு அதே அளவு உழைப்போடு, அதே தமிழில், அதே யூடியூபில் யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை என்பது என் குறை. ஒதுக்கினார்கள், முறைப்பாடு கொடுத்தார்கள். பதில் சொல்லாமல் விட்டார்கள்.

எண்ணிக்கை கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 20 இலட்சம். 2016இல் நீதி அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி சிரியாவுக்குப் போனவர்கள் 32 பேர், அதுவும் சில குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2015இல் பியூ ஆய்வு நிலையம் பல நாடுகளில் ஐஎஸ் பற்றிக் கருத்துக் கேட்டது. லெபனானில் ஏறத்தாழ நூற்றுக்கு நூறு, ஜோர்தானில் 94 விழுக்காடு வெறுப்பு. நைஜீரியாவில் 14 விழுக்காட்டினர் சாதகமாகப் பேசினார்கள்; பாகிஸ்தானில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தே சொல்லவில்லை. இந்தக் கடைசி இரண்டும் கவலைக்குரியவை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஐஎஸ் பக்கத்தில் இருந்து பார்த்த ஊர்களில்தான் வெறுப்பு உச்சத்தில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அவர்கள்தானே. 2017 நவம்பரில் எகிப்தின் சினாயில் ரவ்தா பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுகொண்டிருந்த 300க்கு மேற்பட்டவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள், சூபிகள் வரும் பள்ளி என்பதால்.

இனி எங்களைப் பற்றியும் கொஞ்சம். 1990 ஆகஸ்ட் 3 இரவு, அதே காத்தான்குடியில் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் இஷா தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிறுவர்களும்தான். இரண்டு மாதம் கழித்து வடக்கிலிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள், சில மணி நேர அவகாசத்தில், கையில் அள்ளியதோடு துரத்தப்பட்டார்கள். அதைச் செய்தவர்கள் தமிழின் பெயரால், தமிழரின் விடுதலையின் பெயரால் செய்தார்கள். ஏகப் பிரதிநிதிகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். நாங்கள் வாக்களித்த கட்சிகளும் ஒரு கட்டத்தில் அதை ஏற்றன. சஹ்ரானுக்கு அந்த அளவு அங்கீகாரம்கூட ஒருபோதும் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும், காத்தான்குடி பள்ளிவாசல் படுகொலைக்கு ஒவ்வொரு தமிழனும் பொறுப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வேனா? மாட்டேன். கொழும்பில் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் அடையாள அட்டையில் ஊர்ப் பெயரைப் பார்த்து எங்களை இறக்கி நிறுத்தினார்களே, 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்களே, அப்போது நாங்கள் கேட்ட கேள்வி என்ன? "நான் என்ன செய்தேன்?" உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை உடனே தடுத்தது.

2019 மே மாதம் அந்தக் கேள்வி முஸ்லிம்களின் வாய்க்கு மாறியது. குளியாப்பிட்டிய, ஹெட்டிப்பொல, மினுவாங்கொட என்று கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளிதழ் கதை கட்ட, அவர் உள்ளே போனார்; குற்றச்சாட்டு நிரூபணமாகவே இல்லை. புத்தளத்தில் ஆசிரியராக இருந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் தன் கவிதைத் தொகுப்புக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். தமிழில் வாசித்த எவருக்கும் தெரியும், அந்தக் கவிதைகளில் ஐஎஸ்ஸுக்கு எதிரானதும் இருந்தது. 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குண்டு வைத்தவனைக் கண்டித்து எழுதியவனையே குண்டு வைத்தவனின் கணக்கில் சேர்த்தால், இனி யார் கண்டித்து எழுதுவார்?

சிலர், குறிப்பாக முஸ்லிம் இளைஞர்கள், இதெல்லாம் அரசியல் சதி, சஹ்ரான் வெறும் பொம்மை என்பார்கள். 2023 செப்டம்பரில் சேனல் 4 தொலைக்காட்சி புலனாய்வுத் துறையைச் சேர்ந்தவர்கள்மேல் பாரதூரமான குற்றச்சாட்டுகளை ஒளிபரப்பியது, சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். அது முழுமையாக விசாரிக்கப்பட வேண்டும், பாதிக்கப்பட்ட கத்தோலிக்கர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கயிறு யார் கையில் இருந்தாலும், இத்தனை இளைஞர்களைச் சாவதற்குத் தயார்ப்படுத்திய பேச்சு அந்த மனிதருடையது. சதியைக் கண்டுபிடித்துவிட்டால் பயானுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று ஆகாது.

தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. சஹ்ரான் பேசியது தமிழில் என்பதால் அவருடைய வீடியோக்கள் பாக்கு நீரிணையைத் தாண்டின. கோயம்புத்தூரில் 2018இல் பிடிபட்டவர்களை விசாரித்தபோதுதான் இந்தியப் புலனாய்வுக்கு அவர் பெயர் பெரிதாகத் தட்டுப்பட்டது என்று செய்திகள் வந்தன. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள், கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்து ஜமேஷா முபின் இறந்தபோது, சில நாளில் கோவை ஜமாஅத்தினர் அந்தக் கோயிலுக்கே நேரில் போய் நிர்வாகத்தைச் சந்தித்தார்கள். 1998 பிப்ரவரி 14இல் 58 பேர் இறந்த குண்டுவெடிப்புகளும், அதற்கு முந்திய நவம்பர் கலவரமும் என்ன விலை கேட்டன என்பதை அந்த ஊர் மறக்கவில்லை.

கடைசியாக, "ஒருவருக்குமா தெரியாமல் போயிருக்கும்?" என்ற கேள்வி. தெரிந்திருந்தது. காத்தான்குடி சூபிகளுக்குத் தெரிந்திருந்தது, மாவனல்லையில் சுடப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது, முஸ்லிம் கவுன்சிலுக்குத் தெரிந்திருந்தது. 2019 ஏப்ரல் 4இலிருந்து இலங்கை அரச புலனாய்வுச் சேவைக்கும் தெரிந்திருந்தது. இந்தியா எழுத்தில் அனுப்பியிருந்தது, ஏப்ரல் 11 பொலிஸ் கடிதத்தில் சஹ்ரானின் பெயரே இருந்தது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றும், அப்போதைய பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுத் தலைவரும் தலா ஏழரைக் கோடி கட்ட வேண்டும் என்றும், பாதுகாப்புச் செயலாளர் ஐந்து கோடி கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. "ஏன் முன்கூட்டியே ஒன்றும் செய்யவில்லை" என்ற கோபத்துக்குச் சரியான விலாசம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.